கேஸ் ஷீட்டில் எழுதப்பட்ட ‘ஆறு வருடம்’

கேள்வி: நாங்கள் பாம்பனில் வசிக்கிறோம். என் கணவருக்கு வயது 47. விசைப்படகு ஒன்றில் பங்கு வைத்துக் கடலுக்குப் போகிறவர். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை நேரத்தில், எங்கள் மகளிர் குழுக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையிலிருந்து போனில் பேசி, குடும்பம் முழுவதற்குமான மருத்துவக் காப்பீட்டு பாலிசியை என் பெயரில் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று லட்ச ரூபாய்க்கு எடுத்ததை 2023 இல் ஐந்து லட்சமாக உயர்த்தினோம். ஒவ்வொரு ஆண்டும் மே 20 தான் புதுப்பிக்கும் நாள். அது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் 2023 இல் மட்டும் ஜூன் 9 அன்று கட்டினோம். 2025 நவம்பர் 17 இரவு என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் முதலில் பார்த்துவிட்டு, அங்கிருந்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 3,62,000 ரூபாய். கேஷ்லெஸ் (காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் வசதி) கிடைக்கவில்லை. நகையை அடகு வைத்தும் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியும் கட்டினோம். பணம் முழுதாகக் கட்டும்வரை ஓர் இரவு எங்களை அனுப்பவும் இல்லை. இப்போது, “நோயாளிக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளது என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது, பாலிசி எடுக்கும்போது மறைத்துவிட்டீர்கள்” என்று 2026 ஜனவரி 12 தேதியிட்ட கடிதத்தில் கிளைமை நிராகரித்துவிட்டார்கள். உண்மையில் அவருக்குச் சர்க்கரை இருப்பதே 2022 ஆகஸ்டில், வீடு தேடி வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர் என் மாமியார். அன்றிரவு மதுரையில் கையெழுத்துப் போட்ட என் கொழுந்தன் பதற்றத்தில் அப்படிச் சொல்லிவிட்டார். கம்பெனியிலிருந்து வந்த ஒருவர், படுத்திருந்த என் கணவரிடம் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிப் போனார். மருத்துவமனையில் தெரிந்தவர் மூலம் ‘ஆறு’ என்பதை ‘மூன்று’ என்று திருத்தி வாங்கலாம் என்கிறார்கள் உறவினர்கள். வழக்குப் போட்டால் வருடக்கணக்காகும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாம்பன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உறவினர்கள் சொல்லும் அந்தத் திருத்தத்துக்கு எக்காரணம் கொண்டும் போக வேண்டாம். கேஸ் ஷீட்டின் நகல் ஏற்கெனவே காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பில் இருக்கிறது. நீங்கள் திருத்தி வாங்கும் தாளும் அவர்களிடம் இருக்கும் தாளும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப்படும் நாளில், இன்று உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் முழுவதும் போய்விடும். ‘மறைத்தார்கள்’ என்று இப்போது சொல்கிறவர்கள் ‘மோசடி செய்தார்கள்’ என்று அன்று சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் வேறு விளைவுகள் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். உண்மையை நிரூபிக்கப் போதுமான காகிதங்கள் உங்கள் வீட்டிலும் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

நிராகரிப்புக் கடிதத்தைப் படிக்கிற பலரும் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம். பாலிசி எடுக்கும்போதே இருந்த நோய்க்கு முதல் சில ஆண்டுகள் பணம் தரமாட்டார்கள் என்பது இது. காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின், 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிமுறைகளின்படி இது அதிகபட்சம் 36 மாதங்கள்தான், அதற்கு முன் 48 மாதங்கள்வரை வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. உங்கள் பாலிசி 2021 மே 20 இல் தொடங்கியிருக்கிறது, நெஞ்சுவலி வந்தது 2025 நவம்பரில். பழைய கணக்கான 48 மாதங்களை எடுத்துக்கொண்டாலும் அது 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. எனவே, உங்கள் கணவருக்கு 2021 க்கு முன்பே சர்க்கரை இருந்தது என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், காத்திருப்புக் காலத்தைக் காரணம் காட்டி முதல் மூன்று லட்சத்தை மறுக்க அவர்களால் முடியாது. அதனால்தான் அவர்கள் இரண்டாவது வழியைப் பிடித்திருக்கிறார்கள்: கேட்டபோது சொல்லவில்லை, எனவே ஒப்பந்தமே பழுதுபட்டது என்கிறார்கள்.

2023 இல் இருபது நாள் தாமதமாகக் கட்டியதைப் பற்றி நீங்கள் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை பிரீமியம் கட்டும் பாலிசிக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டிவிட்டால் பாலிசியின் தொடர்ச்சி அறுபடுவதில்லை. எனவே தொடர்ந்து நாலரை ஆண்டுகள் காப்பீட்டில் இருந்தவர்கள் என்றே உங்களைக் கருத வேண்டும். ஒருவேளை அந்த இடைவெளியை அவர்கள் எங்காவது கிளப்பினால், 2023 ஜூன் 9 தேதியிட்ட ரசீதைக் காட்டுங்கள்.

இந்த நாலரை ஆண்டு என்பதில் ஒரு வருத்தமும் இருக்கிறது. தொடர்ச்சியாக 60 மாதங்கள் ஒரு மருத்துவக் காப்பீடு நடப்பில் இருந்துவிட்டால், அதன் பிறகு ‘தகவலை மறைத்தார்கள், தவறாகச் சொன்னார்கள்’ என்ற காரணத்தைக் காட்டி எந்தக் கிளைமையும் மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம். முன்பு எட்டு ஆண்டாக இருந்த இந்தக் காலத்தை 2024 இல் ஐந்தாகக் குறைத்தார்கள். உங்களுக்கு அது 2026 மே மாதத்தில்தான் நிறைவடைகிறது. ஆறு மாதம் முந்திவிட்டது நோய். ஆகவே இந்தக் கிளைமைப் பொறுத்தவரை அந்தப் பாதுகாப்பை நீங்கள் கோர முடியாது. ‘மூன்று ஆண்டு கழிந்தால் கேள்வி கேட்க முடியாது’ என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், அது 1938 ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45 ஆவது பிரிவு. அது ஆயுள் காப்பீட்டுக்கு உரியது, மருத்துவக் காப்பீட்டுக்குப் பொருந்தாது.

ஆகவே எஞ்சி நிற்பது ஒரே கேள்வி. 2021 மே மாதம் அந்தப் போன் அழைப்பு வந்தபோது, தனக்குச் சர்க்கரை இருப்பது உங்கள் கணவருக்குத் தெரியுமா? தெரியாத ஒன்றைச் சொல்லவில்லை என்பதற்காக ஒருவரை மறைத்தவர் என்று சொல்ல முடியாது. தெரிந்தும் மறைத்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்லும் நிறுவனத்தைச் சேர்ந்தது. நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில், கேஸ் ஷீட்டில் ‘இத்தனை ஆண்டுகளாக’ என்று இருக்கும் குறிப்பை மட்டும் வைத்து நோய் முன்பே இருந்ததாக முடிவு செய்ய முடியாது, அதை எழுதிய மருத்துவரின் பிரமாண வாக்குமூலமோ அந்தக் காலத்தில் சிகிச்சை பெற்றதற்கான ஆவணமோ வேண்டும் என்று சொல்லியிருக்கின்றன. அதே சமயம், உச்ச நீதிமன்றம் 2009 இல் ஒரு வழக்கில், நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்ததைச் சொல்லாமல் பாலிசி எடுத்தவரின் குடும்பத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 2021 டிசம்பரில் வந்த மற்றொரு தீர்ப்பில், அமெரிக்காவுக்குப் போய் இறங்கியதும் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவர், தனக்கு நீரிழிவு உண்டு என்று முன்பே சொல்லியிருந்தும் வேறொரு மாத்திரையைக் குறிப்பிடவில்லை என்று கிளைம் மறுக்கப்பட்டதைத் தவறு என்றது. இரண்டையும் ஏன் சொல்கிறேன் என்றால், நோயின் பெயரை வைத்து இத்தகைய வழக்குகள் தீர்வதில்லை, எது எப்போது தெரிந்திருந்தது என்ற சான்றை வைத்தே தீர்கின்றன.

உங்களிடம் இருக்கும் சான்றுகளில் மிகப் பெரியது, ‘வீடு தேடி வந்து பார்த்தார்கள்’ என்று நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதே 2021 ஆகஸ்ட் 5 இல், அதாவது உங்கள் பாலிசி எடுத்து இரண்டரை மாதம் கழித்து. அந்தத் திட்டத்தின் பெண் தன்னார்வலர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விரலில் ஊசி குத்திப் பார்த்த நாள், அளவு, அதன் பின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னது, மாத்திரை தொடங்கியது ஆகிய எல்லாம் தொற்றா நோய்ப் பதிவேட்டில் இருக்க வேண்டும். உங்கள் கணவரிடம் கொடுக்கப்பட்ட அட்டையிலோ சிறு நோட்டிலோ முதல் பக்கத்தில் தேதி இருக்கும். அந்த அட்டையை உடனே எடுத்து இரண்டு நகல் போட்டுவிட்டு, அசலைப் பத்திரமாக வையுங்கள். கடல் காற்றில் அந்த அட்டைகள் எப்படி நைந்துபோகும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன் பிறகு, ‘இன்னாருக்கு நீரிழிவு முதன்முதலில் கண்டறியப்பட்ட தேதி இது, அன்றுமுதல் எங்களிடம் மருந்து பெற்று வருகிறார்’ என்று நிலைய மருத்துவ அலுவலரிடம் சான்று கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். தயங்கினால், பதிவேட்டில் உங்கள் கணவரைப் பற்றி உள்ள பக்கத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர் பெயரிலேயே பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

மாமியாரின் பழைய மருந்துச் சீட்டுகளையும் சேர்த்து எடுத்து வையுங்கள். எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ‘ஆறு வருடம்’ என்ற சொல் ஆகாயத்திலிருந்து வரவில்லை, அந்த வீட்டில் உண்மையிலேயே ஒருவர் 2019 முதல் சர்க்கரை மாத்திரை எடுக்கிறார் என்பதைக் காட்டினால்தான் கொழுந்தன் சொன்னது வெறும் சாக்கு அல்ல, நடந்த தவறு என்று விசாரிப்பவருக்குப் புரியும். ஒரே தகர டப்பாவில் தாயின் மாத்திரையும் மகனின் மாத்திரையும் கிடக்கும் வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். கொழுந்தன், அன்று அவசரப் பிரிவில் தன்னிடம் என்ன கேட்டார்கள், தான் என்ன சொன்னார் என்பதைத் தன் சொந்த வார்த்தைகளில் ஒரு பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும். நோட்டரி முன் கையெழுத்திட்டால் போதும். அலங்காரம் வேண்டாம். ‘சுகர் இருக்கிறதா என்றார்கள், இருக்கிறது என்றேன், எத்தனை வருடம் என்றார்கள், வீட்டில் ஆறு வருடமாக மாத்திரை வருவதால் ஆறு என்றேன்’ என்பது போல, அவர் சொல்வது உண்மையானால், அந்த அளவே போதும்.

இன்னொரு காகிதத்தை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். மதுரைக்குப் போவதற்கு முன் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் பார்த்தார்கள் அல்லவா? அங்கே அவசரப் பிரிவில் எழுதிய சீட்டிலும் மேல்சிகிச்சைக்கு அனுப்பிய குறிப்பிலும் சர்க்கரை பற்றி என்ன எழுதியிருக்கிறது? அந்த நேரத்தில் உங்கள் கணவருக்குப் பேச்சு இருந்ததா, பதில் சொன்னது நீங்களா? அதில் ‘மூன்று வருடம்’ என்று இருந்தால், மதுரையில் எழுதப்பட்ட ஆறுக்குச் சில மணி நேரம் முன்பே, எந்தக் காப்பீட்டுத் தகராறும் இல்லாத நேரத்தில் எழுதப்பட்ட மூன்று உங்கள் கையில் இருக்கிறது என்று பொருள். அதில் ஒன்றுமே எழுதாமல் இருந்தாலும் பாதகமில்லை. நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. ஆகவே மதுரை மருத்துவமனையிடமும் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமல்லாமல், அவசரப் பிரிவுக் குறிப்பு, செவிலியர் குறிப்பு, ரத்தப் பரிசோதனைத் தாள்கள் அடங்கிய முழு உள்நோயாளிப் பதிவையும் எழுத்தில் கேளுங்கள்.

அதைக் கையில் வாங்கியதும், முதன்முதலில் அந்த வரியை எழுதியது யார் என்று பாருங்கள். நள்ளிரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் எழுதிய ஒரு வரியை, அடுத்து வருபவர் அப்படியே பெயர்த்து எழுத, அது டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போய், ஐந்து இடங்களில் இருப்பதால் ஐந்து சான்று என்பது போன்ற தோற்றத்தைத் தந்துவிடுகிறது. உண்மையில் அது ஒருவர் ஒருமுறை சொன்னது. எனவே, சிகிச்சை அளித்த இதய மருத்துவரிடம் திருத்தம் கேட்காமல், விளக்கக் கடிதம் ஒன்று கேளுங்கள்: நோயின் கால அளவு பற்றிய தகவல் நோயாளியுடன் வந்தவர் சொன்னது, நோயாளி அப்போது சொல்லும் நிலையில் இல்லை, முந்தைய மருத்துவ ஆவணங்கள் எதையும் பார்த்து அது எழுதப்படவில்லை என்பது உண்மையானால் அதை மட்டும் தேதியிட்டு எழுதித் தரும்படி கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. பழைய தாளை அழிக்காமல் அதன் பக்கத்தில் வைக்கப்படும் இந்தக் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. மருத்துவர் தர மறுத்தால் நீங்கள் கேட்ட கடிதத்தின் ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பயன்படும்.

நிறுவனத்தின் தரப்பில், ‘மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு இவ்வளவு அதிகம், எனவே நோய் நெடுநாளாக இருந்திருக்க வேண்டும்’ என்று ஒரு வாதம் வரலாம். ஹெச்.பி.ஏ.1சி என்னும் அந்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சர்க்கரை எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்லும், நோய் எந்த ஆண்டு வந்தது என்று சொல்லாது. இதை உங்கள் மனுவில் ஒரு வரியில் எழுதிவிடலாம்.

கம்பெனியிலிருந்து வந்து கையெழுத்து வாங்கிய ஆளைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தாலும், எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. மாரடைப்பிலிருந்து மீண்டு படுத்திருக்கும் ஒருவர், தனக்குத் தெரியாத மொழியில் எழுதிய தாளில், ‘கிளைம் சீக்கிரம் வரும்’ என்ற நம்பிக்கையில் போட்ட கையெழுத்தாக அது இருக்கலாம். ஆனால் அதில் ‘எனக்கு ஆறு ஆண்டுகளாக நீரிழிவு உண்டு’ என்று எழுதியிருந்தால், நாளை அதுவே அவருடைய வாக்குமூலமாகக் காட்டப்படும். இன்றே நிறுவனத்துக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். எந்தத் தேதியில், எந்த நிலையில், யார் முன்னிலையில் கையெழுத்து வாங்கப்பட்டது, அது தமிழில் படித்துக் காட்டப்படவில்லை, உங்கள் கணவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்பவற்றை எழுதி, அந்தத் தாளின் நகலைக் கேளுங்கள். ஓராண்டு கழித்து விசாரணையில் இதை முதன்முதலாகச் சொன்னால் யோசித்துச் சொன்னது போலத் தெரியும். இப்போதே எழுதினால் அந்தச் சந்தேகம் எழாது.

அதே தபாலிலேயே இன்னும் இரண்டைக் கேளுங்கள். 2021 இல் உங்கள் பெயரில் நிரப்பப்பட்ட விண்ணப்பப் படிவத்தின் நகல், பாலிசியை உறுதிசெய்யப் பேசிய போன் அழைப்பின் ஒலிப்பதிவு. போனில் கேட்டு வங்கி ஊழியரே நிரப்பி, ஓடிபி சொன்னதும் முடிந்துவிட்டது என்றுதானே நடந்திருக்கும். அந்தப் படிவத்தில் நீரிழிவு பற்றிய கேள்வி இருந்ததா, உங்களிடம் அது கேட்கப்பட்டதா, ‘இல்லை’ என்பதை யார் டிக் செய்தார்கள் என்பது தெரிய வேண்டும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ‘படிவத்தை நான் நிரப்பவில்லை, வங்கியில் நிரப்பினார்கள்’ என்ற வாதத்தை மட்டுமே நம்பி நிற்க வேண்டாம். ஓடிபி உங்களுடையது என்று திருப்பிச் சொல்வார்கள், அது பல இடங்களில் எடுபட்டும் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அந்த ‘இல்லை’ என்ற பதில் அன்று உண்மையாகவே இருந்தது என்பதுதான் வலுவான வாதம், மற்றது அதற்குத் துணை.

இனி உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காத பகுதி. 2023 இல் மூன்று லட்சத்தை ஐந்தாக உயர்த்தினீர்கள். காப்பீட்டுத் தொகையை உயர்த்தும்போது, உயர்த்திய தொகைக்கு மட்டும் காத்திருப்புக் காலமும் அந்த 60 மாதக் கணக்கும் புதிதாகத் தொடங்கும். அந்த நேரத்தில், அதாவது 2022 ஆகஸ்டுக்குப் பிறகு, சர்க்கரை இருப்பது உங்களுக்குத் தெரியும். எனவே கூடுதலான இரண்டு லட்சத்தைப் பொறுத்தவரை அது முன்பே இருந்த நோய்தான், 36 மாதக் கணக்கு 2026 இல்தான் முடிகிறது. மாரடைப்பு நீரிழிவின் நேரடி விளைவா, புகை, கொழுப்பு, பரம்பரை போன்ற வேறு காரணங்களும் இருந்தனவா என்று அங்கே வாதாட இடமிருக்கிறது என்றாலும், மூன்று லட்சத்துக்கு உங்களிடம் இருக்கும் உறுதி அதற்கு மேலே உள்ள 62,000 ரூபாய்க்கு இல்லை. தொகையை உயர்த்தியபோது உடல்நலம் பற்றி ஏதாவது கேட்டார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பாலிசி அட்டவணையில், கிளைம் வாங்காத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த போனஸ் தொகை ஏதேனும் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று லட்சத்தின் மேல் சேர்ந்த போனஸ் இருந்தால் அந்த 62,000 அதற்குள்ளேயே அடங்கிவிடவும் கூடும்.

எங்கே போவது என்பதற்கு வருகிறேன். நிராகரிப்புக் கடிதத்தில், பாலிசியின் எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்று குறிப்பிட வேண்டும் என்றும், நிறுவனத்துக்குள் இருக்கும் கிளைம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளைமையும் நிராகரிக்கக் கூடாது என்றும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே 29 தேதியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டையும் கேட்டு, மேலே சொன்ன சான்றுகளை இணைத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் தளமான பீமா பரோசா இணையதளத்திலோ 155255 என்ற தொலைபேசி எண்ணிலோ அதே புகாரைப் பதிவு செய்யலாம். ஒரு மாதம் பாருங்கள். பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் குறைதீர்ப்பாளர்) மனு கொடுக்கலாம்.

வழக்கு என்றால் வருடக்கணக்காகும் என்று பயப்படும் உங்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஆம்புட்ஸ்மேன் வழியைத்தான். கட்டணம் கிடையாது. 50 லட்ச ரூபாய் வரையிலான தகராறுகளை அவர் விசாரிக்கலாம். அங்கே வக்கீல் வைத்து நடத்தும் முறை இல்லை, பாலிசிதாரரான நீங்களே பேச வேண்டும் (வக்கீலான என் தொழிலுக்கு இதில் ஒரு பைசா வரும்படி இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்). காணொலி மூலம் விசாரிக்கவும் விதியில் இடம் இருப்பதால், பாம்பனிலிருந்து சென்னைக்கு ரயில் ஏற வேண்டிய அவசியம் வராமலும் போகலாம், மனுவிலேயே அதைக் கேட்டுவிடுங்கள். தேவையான ஆவணங்கள் எல்லாம் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு தர வேண்டும் என்பது விதி. அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும் என்று அதே 2024 சுற்றறிக்கை சொல்கிறது.

அங்கே தோற்றாலும் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையிலோ சென்னையிலோ இருப்பதைப் பற்றிக் கவலை இல்லை. நீங்கள் கட்டிய பிரீமியம் ஐந்து லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் நீதிமன்றக் கட்டணமும் இல்லை. நிராகரித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள், அதாவது 2028 ஜனவரி 11 வரை, காலக்கெடு இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது, நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் மனுவை எடுக்கமாட்டார். மன உளைச்சலுக்கான இழப்பீடு, அடகு நகைக்கு நீங்கள் கட்டும் வட்டி ஆகியவற்றையும் கேட்க விரும்பினால் அதற்கு ஆணையம்தான் பொருத்தமான இடம் என்பதால், அடகுச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

பணம் கட்டும்வரை ஓர் இரவு அனுப்பாமல் வைத்திருந்தது பற்றி: பில் பாக்கிக்காக ஒரு நோயாளியைப் போக விடாமல் நிறுத்தி வைக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமை கிடையாது. பாக்கியை வசூலிக்க அவர்களுக்குச் சிவில் நீதிமன்றம் இருக்கிறது. அதே சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் நேரத்து இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்கு எத்தனை மணிக்குக் கோரிக்கை போய், எத்தனை மணிக்கு மறுப்பு வந்தது என்ற விவரம் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள். ஆனால் இன்றைய நிலையில் மருத்துவமனையோடு தனியாக ஒரு சண்டையைத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. விளக்கக் கடிதத்துக்கு அந்த மருத்துவரின் ஒத்துழைப்பு உங்களுக்குத் தேவைப்படுகிறது.

இதுவரை எழுதியது எல்லாம், 2022 ஆகஸ்டில்தான் முதன்முதலாகத் தெரிந்தது என்று நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்று எழுதியது. மனுவில் கையெழுத்திடும் முன் கணவரோடு உட்கார்ந்து ஒருமுறை பேசுங்கள். 2021 க்கு முன் எப்போதாவது, ஏதாவது ஒரு முகாமிலோ மருந்துக்கடையிலோ பார்த்து ‘கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது’ என்று யாரேனும் சொல்லி, அவர் வீட்டில் சொல்லாமல் விட்டிருந்தால், அதை எதிர்த்தரப்பு கண்டுபிடிப்பதற்கு முன் உங்கள் வக்கீலுக்குத் தெரிய வேண்டும். அப்படி இருந்தாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருளில்லை, வாதம் வேறு வகையில் அமையும், அவ்வளவுதான். தெரிந்தே பொய்யான பிரமாண வாக்குமூலம் கொடுப்பதற்கு மட்டும் நான் யாருக்கும் வழி சொல்வதில்லை.

கடைசியாக, பாலிசியைக் கைவிட்டுவிடலாமா என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். கோபம் நியாயமானது, ஆனால் இந்த நேரத்தில் விடுவது பெரிய இழப்பு. ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு வேறு நிறுவனத்தில் புதிதாகப் பாலிசி கிடைப்பது கடினம், கிடைத்தாலும் காத்திருப்புக் காலம் மறுபடி தொடங்கும். வருகிற மே 20 அன்று புதுப்பித்துவிட்டால், முதல் மூன்று லட்சத்துக்கு 60 மாதம் நிறைவாகி, இனி வரும் கிளைமில் ‘மறைத்தார்கள்’ என்ற பேச்சுக்கே இடமிருக்காது. நான் முதலில் சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது. மோசடி என்று நிரூபிக்கப்பட்டால் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, திருத்திய கேஸ் ஷீட் ஒன்று அதற்குப் போதுமான காரணமாகிவிடும். நிறுவனம் புதுப்பிக்க மறுத்தாலோ, பாலிசியை ரத்து செய்வதாக நோட்டீஸ் அனுப்பினாலோ, நீங்கள் பிரீமியம் கட்ட முன்வந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொண்டு அதையும் புகாரில் சேருங்கள். ஆண்டு பிரீமியத்தில் சலுகைக் காலம் தொடர்ச்சியைத்தான் காக்கும், கட்டாமல் இருக்கும் அந்த நாட்களில் மருத்துவமனைக்குப் போனால் பணம் கிடைக்காது. எனவே 2023 இல் செய்தது போல ஜூன்வரை தள்ளிப்போட வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் இந்த முறை கட்ட வேண்டிய தொகையில் வரி சேர்ந்திருக்காது. தடைக்காலம் ஏப்ரல் 15 இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கடைசி நடைகளின் பங்குப் பணம் கைக்கு வந்ததும், வியாபாரியின் முன்பணத்துக்குப் பிடித்தம் போக மிஞ்சுவதில், முதலில் இந்த பிரீமியத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.